போட்ட இடத்துத் தண்ணீர்

பேராசிரியர் தேவசகாயம் மருத்துவக் கல்லூரியில் முப்பது வருடம் உடற்கூறியல் கற்பித்தவர். அவர் மேசைக்கு வந்த உடல்கள் எதுவும் மாத்திரை கேட்டதில்லை. அதனால் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரும் அவர் கதவைத் தட்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் உயிருள்ளவர்களைப் பார்க்க ஆசை வந்தது. தன்னிடம் படித்த செண்பகவல்லியின் கிளினிக்குக்குப் போனார்.

"எனக்கு வைத்தியம் சொல்லிக் கொடும்மா."

"முதல் வகுப்புலயே என்னை வெளியே நிறுத்தினீங்க சார்."

"லேட்டா வந்தே."

"நீங்க அறுபது வயசுல வர்றீங்க. பரவாயில்ல, உள்ளே வாங்க."

அன்று முதல் அவள் குரு, அவர் சீடர். கிளினிக் மாடியறையில் தங்கிக்கொண்டார்.

மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் வருவார்கள். செண்பகவல்லி நாற்காலி போடுவாள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள், எதையும் வாங்க மாட்டாள். அவள் வேண்டாம் என்றதெல்லாம் தேவசகாயத்திடம் சேர்ந்தது. பேனா. குடை. செருப்புப் பெட்டி அளவு அட்டைப் பெட்டிக்குள் இரண்டே இரண்டு மாத்திரை. கையில் வைத்து அமுக்க ஒரு ரப்பர் கல்லீரல்.

"வலது மடல் ரொம்பச் சின்னதா இருக்கே," என்று குறை சொல்லிவிட்டு அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நவநீதன் என்ற பிரதிநிதி அவருடைய பிறந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டபோது அவர் மாடிப்படியைக் குதித்துக் குதித்து ஏறினார்.

பொங்கலுக்குப் பிறகு பக்கத்து ஊரான நல்லமங்கலத்தில் தேவசகாயம் சொந்தக் கிளினிக் திறப்பதாக ஏற்பாடு. சேமிப்பு மகள் கல்யாணத்தில் கரைந்திருந்தது. போர்டு, நாற்காலி, ஏசி எல்லாம் கம்பெனியே தரும் என்றான் நவநீதன். அவர்கள் மருந்தை எழுதினால் போதும். சாம்பிள் தானாக வந்து இறங்கும். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"வாங்கிக்கலாமா டாக்டர்?" என்று குருவிடம் கேட்டார். "ஒரு நாற்காலியால யாருக்கு என்ன கெடுதல்?"

செண்பகவல்லி மாடிக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் அவர் சேர்த்து வைத்திருந்த சாம்பிள் மூட்டையை இழுத்தாள்.

"இதுல தேதி முடிஞ்சது எவ்வளவு சார்?"

"பாதிக்கு மேல இருக்கும்."

"இதை எங்கயாவது போட்டுட்டு வாங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

"எங்கே போடறது?"

"உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு. போட்ட இடத்துத் தண்ணியில எனக்கு டீ போட்டுத் தரணும். நீங்களும் குடிக்கணும்."

"இவ்வளவுதானா! கண்மாய் இருக்கே!" என்று சிரித்தபடி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கண்மாய்க்கரைக்குப் போனார். ஊருக்கே குடிதண்ணீர் அங்கிருந்துதான். வலை வீசிக்கொண்டிருந்தவர், "வாங்க டாக்டரய்யா, கெண்டை வேணுமா?" என்றார். தேவசகாயம் மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா காத்து வாங்க வந்தேன்," என்று திரும்பிவிட்டார்.

கிளினிக் கொல்லையில் குழி தோண்டினார். நிமிர்ந்தால் எதிரே கிணறு. குழியை மூடினார்.

ஒரு களிம்பு ட்யூபையும் நாலு அட்டைப் பெட்டியையும் மட்டும் கொளுத்திப் பார்த்தார். கரும்புகை நேராக ஜன்னலுக்குள் போனது. உள்ளே இருமிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து, யார் வேலை என்று பார்த்து, இன்னும் பலமாக இருமினார்கள்.

மறுநாள் காலை மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி வந்தது. தேவசகாயத்துக்கு உயிர் வந்தது. மீதி மூட்டையைக் கழிவுக்கான மஞ்சள் பையில் கட்டி ஏற்றினார்.

"எங்கே தம்பி கொண்டு போவீங்க?"

"நல்லமங்கலம் சார். ஊருக்குக் கிழக்கே ஒரு குழாய் புகைஞ்சுக்கிட்டே இருக்குமே, அங்கதான் எரிக்கிறது. நீங்க அந்த ஊர்லதான் கிளினிக் திறக்கிறீங்களாமே? நல்ல கூட்டம் வரும் சார். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல்."

வண்டி போய்விட்டது. தேவசகாயம் வாசலிலேயே நின்றார். அன்று டீ போடவில்லை. செண்பகவல்லியும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நவநீதன் போர்டு மாதிரிகளோடு வந்தான்.

"பச்சைக் கலர் எடுத்துக்கங்க சார். அடியில 'மரம் வளர்ப்போம்'னு வரும்."

"தம்பி, நீ குடுக்கறது தேதி முடிஞ்சா, திருப்பி எடுத்துக்குவியா?"

"ஐயோ சார், எங்களுக்குக் கொடுத்துத்தான் பழக்கம். எடுத்துக்கிட்டா எங்கே வைக்கிறது? ஏற்கனவே எங்க வீட்டுல பிள்ளைங்க சாம்பிள் பெட்டி மேல உட்கார்ந்துதான் படிக்குது."

"அப்ப போர்டு வேண்டாம். எலும்பு பேரெல்லாம் கரும்பலகையில எழுதின கை இது. என் பேரை எழுதிக்க மாட்டேனா?"

"நாற்காலி, ஏசி?"

"வர்றவங்களுக்கு பெஞ்சு போதும்."

நவநீதன் மாதிரிகளை மெதுவாகப் பைக்குள் வைத்தான். தேவசகாயம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நீ என்னைப் பார்க்க வர மாட்டே, இல்ல?"

"டார்கெட் இருக்கு சார்," என்றான். எழுந்தான். வாசல் வரை போனவன் திரும்பினான். "டீ கிடைக்குமா சார்?"

"கிடைக்குமாவா!" என்று தேவசகாயம் துள்ளி எழுந்தார். பாத்திரத்தைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்று குருவைப் பார்த்தார்.

"எந்தத் தண்ணியில போடட்டும் டாக்டர்?"

"கண்மாய்த் தண்ணியில," என்றாள் செண்பகவல்லி. "மூட்டையைத் திருப்பித் தூக்கிட்டு வந்தீங்களே சார், அந்தத் தண்ணியில."