அப்பாவின் இனிப்பு முதுகு

ஒரு காட்டில், ஈச்சம்புதர் ஒன்றுக்குள், கூர்மூக்கி என்ற காட்டுப்பன்றி தன் கணவன் கட்டையனோடும் ஐந்து குட்டிகளோடும் குடியிருந்தாள். எதையும் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு ஈடாக அந்தக் காட்டில் யாரும் கிடையாது, குழந்தைகளே!

காட்டோரப் பள்ளத்தில் மனிதர்கள் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிவிட்டு, சாம்பலை அப்படியே கொட்டிப் போயிருந்தார்கள். கட்டையன் தினமும் அதில் புரண்டு வருவான். புரண்டால் உண்ணிகள் உதிர்ந்துவிடும், அவ்வளவு சுகம்! குட்டிகளிடம் மட்டும், "பள்ளத்துப் பக்கம் எவன் போனாலும் காலை ஒடிச்சிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான்.

குட்டிகள் போகவே இல்லை. அப்படியும் கடைக்குட்டி செல்லி வாடத் தொடங்கினாள். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். கிழங்கு தோண்டச் சொல்லிக்கொடுத்தால் மறுநாளே மறந்தாள்.

"அவ பொறந்ததே மந்தமாத்தான்" என்றது நரி.

கூர்மூக்கிக்குச் சுருக்கென்றது. ஒரே மடியில் பால் குடித்த ஐந்தில் ஒன்று மட்டும் எப்படி மந்தமாகும்? இரண்டு நாள் இரை தேடக்கூடப் போகாமல் குட்டிகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அப்பாவின் உறுமலுக்குப் பயந்து தள்ளியே நிற்கும் மூத்தவன் முண்டன் துள்ளித் திரிந்தான். அப்பா வந்ததும் முதுகில் ஏறி, அதை நக்கிக்கொண்டே தூங்கும் செல்லிதான் சோர்ந்து கிடந்தாள். கூர்மூக்கி கணவனின் முதுகை மோந்தாள். பள்ளத்துச் சாம்பல் நெடி!

"ஏங்க, பிள்ளைங்க பள்ளத்துக்குப் போகலை. நீங்கதான் பள்ளத்தை வீட்டுக்குச் சுமந்துட்டு வர்றீங்க."

"உளறாதே! ஒரு வருஷமா புரளுறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"நீங்க வளர்ந்து முடிஞ்ச ஆளு. அவளுக்கு எலும்பும் மூளையும் இனிமேத்தான் வளரணும். உங்க மேல ஏறாத முண்டனைப் பாருங்க. இறங்காத செல்லியைப் பாருங்க."

கட்டையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முரடன்தான், ஆனாலும் தகப்பன் அல்லவா? எழுந்து ஆற்றுக்கு ஓடினான்.

நனைந்து திரும்பியவன் மேல் செல்லி ஏறினாள். நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். "அப்பா, இன்னைக்கு நீ இனிக்கவே இல்லையே!"

கூர்மூக்கி செல்லியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஈயச் சாம்பல் நாக்குக்கு இனிக்கும். இத்தனை நாளும் குழந்தை இனிப்பென்று நக்கித் தின்றது அந்த நஞ்சையா!

அதன்பின் கட்டையன் பள்ளத்தை மிதிக்கவில்லை. உண்ணிகள் பிடுங்கி எடுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டான். நாள் தவறாமல் ஆற்றில் முங்கி எழுந்த பிறகே புதருக்குள் வந்தான். "மாப்பிள்ளை குளிச்சாச்சா?" என்று நரி கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்!

செல்லி தேற மழைக்காலம் முழுவதும் ஆனது. மற்ற குட்டிகளைவிட மெதுவாகத்தான் கற்றாள். ஆனாலும் ஒருநாள், யாரும் காட்டிக்கொடுக்காமல், தானே ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து வந்து அப்பாவின் வாயில் திணித்தாள்.

"தின்னு பாருப்பா. உன் முதுகைவிட இது இனிப்பு!"

கட்டையன் மென்றான், மென்றுகொண்டே அழுதான்.

நீதி: பிள்ளையைத் தூக்கும் முன், வெளியிலிருந்து நம்மோடு என்ன ஒட்டி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.