கலெக்டரை ஆட வைத்த பூவரசந்துண்டு

இந்தக் கதையில் ஒரு இடத்தில் உங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஆனால் அது கடைசியில்தான். அதற்கு முன்னால் யாராவது பல்லைக் காட்டினால் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சம்மதமா? சரி.

ஒரு ஊரில் ஒரு மரக்கடை இருந்தது. கடைக்காரர் பூதத்தான் அண்ணாச்சி. சுவரோரம் தேக்குப் பலகைகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். வாசலில் வேம்பும் மாவும் சாய்ந்துகொண்டு போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கும். மூலையில், தகரக் கூரைக்கு அடியில், அறுத்து மிஞ்சிய துண்டுகளின் குவியல். அதில் ஒன்று பூவரசு. கட்டில் கால் அறுத்தபோது கழித்துப் போட்டது. மூன்று கோடையாக அதை யாரும் சீண்டவில்லை.

யாரும் என்றா சொன்னேன்? தப்பு. ஒருத்தர் சீண்டினார். அண்ணாச்சி வளர்த்த வான்கோழிச் சேவல். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்வையிட வந்தவர் போல அது நடக்கிற நடையைப் பார்த்து, ஊரே அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைத்தபின் 'அது' என்று சொல்ல முடியுமா? அவர்.

கலெக்டர் தினமும் காலையில் குவியல் மேல் ஏறி, பூவரசின் முதுகில் அலகைத் தீட்டுவார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. முதுகு முழுக்கக் கீறல்.

"ஏய் துண்டு, உன்னால் இந்த உலகத்துக்கு உள்ள ஒரே பிரயோஜனம் என் மூக்கைத் துடைப்பதுதான், தெரியுமா?" என்பார்.

"எங்க குடும்பத்துக்குக் குரல் உண்டுங்க" என்றது பூவரசு ஒருநாள். "எங்க இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இந்த ஊரில் உண்டா?"

"அது இலைக்கு. உனக்கும் குரல் வரும், வராமல் என்ன? அடுப்பில் வைத்தால் சடசடவென்று வரும்!"

தேக்கு கனைத்தது. வேம்பு குலுங்கியது. பூவரசுக்குச் சுருக்கென்று தைத்தது.

"உங்களை என் முன்னால் ஆட வைக்கிறேனா இல்லையா, பாருங்க."

"என்னையா? மயிலே என்னைப் பார்த்துத்தான் ஆடக் கற்றுக்கொண்டது. ஊர்தான் மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறது!" என்று கலெக்டர் சிலிர்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சவால் விட்டாயிற்று. ஆனால் அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எதிர்த்த டீக்கடை மாசானம் சாக்கோடு வருகிற நாள். மிச்சத் துண்டெல்லாம் அவன் அடுப்புக்கு. இத்தனை நாள் அவன் கைக்கு எட்டாத உள்மூலையில் கிடந்து தப்பித்த பூவரசு, முன்னால் கிடந்ததெல்லாம் தீர்ந்துபோய், இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

மாசானம் வருவதற்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியவள் ஜெனோவா. அடுத்த தெருவில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறாள். பம்பரம், பூரிக்கட்டை, தொட்டில் கால் எல்லாம் அவள் உளிக்கு முன்னால் சுழன்று சுழன்று பிறக்கும்.

"அண்ணாச்சி, வான்கோழியக் கூப்பிடுறதுக்கு ஒரு கட்டை வேணும்."

"அதுக்கு வாய் போதாதா தாயி?"

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிட்டு அண்ணாச்சி. நம்ம வீட்டு வான்கோழி பூராவும் காலைல தோப்புக்குள்ள போனா, பொழுது சாஞ்சாலும் திரும்ப மாட்டேங்கு. கிண்ணம் மாதிரி கடைஞ்சு, மேல சிலேட்டு ஒட்டி, குச்சியால தேச்சா அப்படியே பெட்டை கூப்பிடுத மாதிரி கேக்கும். அந்தச் சத்தத்துக்குச் சேவல் எங்க இருந்தாலும் ஓடி வந்துரும்."

கடையே நிமிர்ந்தது.

"என்னை எடு!" என்றது தேக்கு. "அரண்மனைக் கதவு என் சொந்தப் பெரியப்பா!"

"என்னை எடு" என்றது மா. "பழம் கொடுத்த குடும்பம், இனிப்பாகக் கூப்பிடுவேன்."

அண்ணாச்சியும் தேக்கைத்தான் தட்டிக் கொடுத்தார். "இதுல செய்யி. போன வாரம் லாரில வந்து எறங்குனது. பாலிஷ் போட்டா முகம் பாக்கலாம்."

"வான்கோழி முகம் பாக்கவா வருது? காது கொடுத்துல்லா வருது" என்று சொல்லி, ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு விரல் முட்டியால் தட்டினாள்.

தேக்கு 'தொப்' என்றது.

"தலகாணில குத்துன மாதிரி இருக்கு."

மா 'சொத்' என்றது. வேம்பு ஒன்றுமே சொல்லவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரைத்தான் விட்டது.

"எல்லாம் இன்னும் மழையக் குடிச்சுக்கிட்டு நிக்கு அண்ணாச்சி. ஈர மரம் பேசாது. நான் வேற கடை பாக்கேன்."

அவள் ஸ்கூட்டியை நோக்கித் திரும்பினாள். மாசானம் சாக்கை விரித்தான்.

'நான் இங்கே இருக்கிறேன்' என்று கத்த நினைத்தது பூவரசு. ஆனால் தட்டாமல் எந்த மரத்தின் குரலும் மனுஷர் காதில் விழாதே! டொக், டொக் என்று துண்டுகள் சாக்குக்குள் விழுந்துகொண்டிருந்தன.

"உடம்பைத் தளர்த்திக்கொண்டு மெதுவாக விழு. வலிக்காது" என்றது பக்கத்தில் கிடந்த கருவேலந்துண்டு.

"விழுவது இந்த ஒரு தடவைதான். அதையும் சத்தமில்லாமலா விழுவது?"

மாசானத்தின் கை பூவரசைத் தூக்கியது. வீசியது. பூவரசு காற்றிலேயே ஒரு துள்ளுத் துள்ளி, சாக்கைத் தாண்டி, வாசலில் கிடந்த கருங்கல் படியில் மண்டை மோதப் போய் விழுந்தது.

டிங்!

ஜெனோவாவின் கை வண்டிச் சாவியிலேயே நின்றது. மாசானம் அதற்குள் துண்டைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் குலுக்கிவிட்டான்.

"மாசானம், இப்ப விழுந்தது எது?"

"எல்லாந்தான் விழுதுக்கா."

"ஒண்ணொண்ணா எடுத்துப் படியில போடு."

"வெறகுக்குப் பாட்டுப் போட்டியா வைக்கப்போறீய? அடுப்புல வெந்நி ஆறுதுக்கா!"

"போடுடே."

முணுமுணுத்துக்கொண்டே போட்டான். டொக். டொக். டக். டொக். சாக்கின் அடிவரை போய்விட்டது.

டிங்!

அவள் ஓடிவந்து எடுத்தாள். காதோடு வைத்துத் தட்டினாள். "எத்தனை கோடையோ தகரத்துக்குக் கீழ கெடந்து வெந்திருக்கு. ஈரம்னு பேருக்குக்கூட இல்ல. சீண்டாம விட்டதுதான் இதுக்கு நல்லதாப் போச்சு. அண்ணாச்சி, இத எடுத்துக்கட்டா?"

"அது வெறகும்மா!"

"இன்னைக்குச் சாயங்காலம் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கலெக்டர் மட்டும் தேக்கின் மேல் நின்று, "கடைசியில் மூக்கு துடைக்கக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார்கள் போலிருக்கிறது" என்று சலித்துக்கொண்டார்.

பட்டறையில் கடைசல் எந்திரம் பூவரசைப் பல்லால் கவ்விக்கொண்டது. "தலை சுற்றும். பயந்துவிடாதே" என்றது.

"தாராளமாகச் சுற்று. முதுகை மட்டும் விட்டுவிடு."

உளி வயிற்றைக் குடைந்தது, ஓரத்தை உருட்டியது. முதுகுக் கீறலைக் கண்டதும் ஜெனோவா நிறுத்தினாள். "கோலம் மாதிரி இருக்கே. இருக்கட்டும்." பிறகு வாய்ப்பக்கம் ஒரு சிலேட்டுச் சில்லை ஒட்டினாள்.

"நான் பள்ளிக்கூடத்தில் உடைந்தவள்" என்றது சிலேட்டு. "எத்தனையோ தப்புக் கணக்கைச் சுமந்திருக்கிறேன். நீ?"

"ஒரே ஒரு கணக்கு. இன்றைக்குத் தீர்ப்போம், வா."

சாயங்காலம். ஜெனோவா தேக்கு அடுக்குக்குப் பின்னால் பதுங்கினாள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். (நீங்களும் பொத்திக்கொள்ளுங்கள். இன்னும் நேரம் வரவில்லை.) குச்சி சிலேட்டில் உரசியது.

கியோக், கியோக், கியோக்.

கலெக்டரின் கழுத்து ஒரு முழம் நீண்டது. "யாரது?"

"ஊருக்குப் புதுசுங்க" என்றது பெட்டைக் குரல். "இங்க ஒரு பெரியவர் இருக்காராமே. மயிலுக்கே ஆட்டம் கத்துக் கொடுத்தவராமே."

"அட! வெளியூர் வரைக்கும் தெரிந்துவிட்டதா?"

"ஆனா ஊர்ல வேற மாதிரில்லா பேசுதாங்க. நான் நம்பலைங்க. கண்ணால ஒரு தடவை பாத்துட்டா..."

அவ்வளவுதான். கலெக்டரின் இறகு அத்தனையும் விறைத்தது. வால் விசிறியாக விரிந்தது. றெக்கை தரையில் சர்ரென்று உரசியது. தலை சிவந்து, நீலம் பாரித்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. களகளகளவென்று ஒரு முழக்கம். மரத்தூளில் வட்டம் போட்டுச் சுற்றி வந்தார். மாசானம் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். தேக்குப் பலகைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, பயத்தால் அல்ல.

"அந்தக் கடைசிச் சுற்று இன்னொரு தடவைங்க" என்றது குரல்.

இன்னொரு தடவை சுற்றினார்.

"இப்ப இடது பக்கமாங்க."

இடது பக்கமும் சுற்றினார். மூச்சு வாங்கியது. "போதுமா கண்ணே? முகத்தைக் காட்டக்கூடாதா?"

"அடுக்குக்குப் பின்னாலதான் நிக்கேன். வாங்களேன்."

ஜெனோவா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓசையில்லாமல் விலகினாள். கலெக்டர் விசிறி மடங்காமல், ஒரு காலுக்கு அப்புறம் ஒரு காலாக வைத்து, வளைந்து வந்தார். பெட்டை இல்லை. ஒரு மரக்கிண்ணம்தான் இருந்தது. சந்தேகத்தோடு ஓரத்தில் ஒரு கொத்துக் கொத்தினார். கிண்ணம் உருண்டு கவிழ்ந்தது.

முதுகு தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு.

கலெக்டர் கீறலைப் பார்த்தார். தன் அலகை ஒரு கண்ணால் பார்த்தார். மறுபடி கீறலைப் பார்த்தார். விரிந்திருந்த வால் இறகு இறகாக மடங்கியது.

"நீ... நீயா?"

ம். இப்போது சிரிக்கலாம்.