கல்லுக்கடியில் காயாத பாசி

சளப்... சளப்... சளப்.

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே. கடலும் மனிதரும் பேசிக்கொண்டிருந்த அந்தப் பழைய காலத்தில், உப்பங்கரை ராஜ்யத்தில், விளக்கு வைத்த பிறகு ஒரு வீட்டுக்குள் இந்தச் சத்தம் கேட்டது. அலைச்சத்தம் இல்லை. மேசைமேல், இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

அது பனிமயத்தின் வீடு. கடற்பாசிகளைப் படித்தவள் அவள். ராணியின் புத்தகத்துக்காகப் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று முந்நூறு பாசிகளைத் தாளில் ஏற்றியிருந்தாள். தட்டில் கடல்தண்ணீர் விட்டு, பாசியை மிதக்கவிட்டு, முள்ளம்பன்றி முள்ளால் இழை இழையாகப் பிரித்து, அடியில் தாளைச் செருகித் தூக்குவாள். மேலே துணி, பலகை, பலகைமேல் கல். பசையே வேண்டாம்; பாசியின் பிசினே தாளைப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளில் காய்ந்துவிடும்.

இந்தப் பாசி மட்டும் காயவில்லை.

புருஷன் கஸ்பார் காணாமல்போன அன்று, அவனைத் தேடிப்போன பாறையில் அதை எடுத்தாள். இருந்த கலக்கத்தில் திருப்பிக்கூடப் பார்க்காமல் பலகைக்குள் வைத்தாள். மாலையே கஸ்பார் திரும்பிவிட்டான். அதே முகம், அதே குரல். ஆனால் வாய் நிறைய "ஏட்டி" என்பவன், "பனிமயம்" என்றான். ஆறு மாத மகன் சந்தியாகு அவன் கிட்டே வந்தாலே வீறிட்டு அழுதான்.

முதல் நாள் அவள் கேட்டாள்: "தட்டுக்குத் தண்ணி மொண்டுட்டு வாங்க."

கொண்டுவந்தான். நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர்.

"நல்ல தண்ணியில செம்பாசி வெளிறிப்போகும்னு தெரியாதா உங்களுக்கு?"

"மறந்துட்டேன், பனிமயம். பலகையில இருக்கிற பாசியை எரிச்சிடு."

இரண்டாம் நாளும் கேட்டாள். கிணற்றுத் தண்ணீர்.

"மறந்துட்டேன், பனிமயம். பலகையில இருக்கிற பாசியை எரிச்சிடு."

மூன்றாம் நாளும் கிணற்றுத் தண்ணீர். கடல் வாசலில், கிணறோ ஊருக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்துக்கு ஏன் போகிறான்? கடல்தண்ணீரைக் கண்டால் இவனுக்கு என்ன பயம்?

"விடிஞ்சதும் பிள்ளையைத் தூக்கிட்டு மணல்மலைக்குப் போறேன். ஒரு நேர்ச்சை இருக்கு" என்றான்.

"நானும் வாரேன்."

"பிள்ளை போதும்."

அவள் பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டாள். மணல்மலையில் ஒரு மந்திரவாதி கைக்குழந்தைகளின் மூச்சைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறான் என்று ஊரே பேசும்.

மூன்று இரவாக அவள் கதவுக்குத் தாழ் போடவில்லை. பயம் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும்போது யாருக்காகப் போடுவது? பிள்ளையோடு ஓட ஒரு வழியாவது இருக்கட்டும்.

சளப்... சளப்... சளப்.

சத்தமில்லாமல் கல்லை இறக்கினாள். பாசியைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பாசிக்கு வேர் கிடையாது. பாறையைக் கவ்விக்கொள்ள அடியில் ஒரு பிடிதான் உண்டு. இந்தப் பிடி பாறையைக் கவ்வவில்லை. சந்தியாகுவின் கொலுசு மணி ஒன்றைக் கவ்வியிருந்தது. கடலுக்குப் போகும்போதெல்லாம் கஸ்பார் மடியில் முடிந்துகொள்ளும் மணி!

பிள்ளையை இடுப்பில் இடுக்கினாள். வாளியோடு வெளியே நழுவினாள். நிறையக் கடல்தண்ணீர் மொண்டு திரும்பினால், நடுவீட்டில் அவன் நின்றான்.

"பிள்ளையைக் குடு, பனிமயம்."

"குடுக்கிறேன். இந்த ஒரு பாசியைப் பிரிச்சு முடிச்சுடுறேன்."

வாளியிலிருந்து தட்டில் கொஞ்சம் ஊற்றி, தாளோடு பாசியை அதில் விட்டாள். ஓர் இழை நிமிர்ந்தது. ஒரு கை நிமிர்ந்தது. சொட்டச் சொட்டக் கஸ்பார் எழுந்து நின்றான்.

"ஏட்டி! மூணு நாளாக் கல்லைத் தூக்கி வச்சிட்டியே, முதுகே போச்சு!"

கஸ்பாரின் முகத்தோடு நின்ற மந்திரவாதி பாய்ந்தான். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் வீசினாள். திருட்டு முகம் கரைந்தது, தோள் கரைந்தது, கால் கரைந்தது. தரையில் ஒரு குவியல் மணல்தான் மிஞ்சியது.

பனிமயம் துடைப்பத்தை எடுத்தாள். ஒரு மணல்கூட மிச்சமில்லாமல் வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளினாள். அலை வந்து வாரிக்கொண்டு போனது. மறுநாள் சேதி கேட்ட ராணி அவளுக்குப் பட்டும் பதக்கமும் தந்து, அந்தக் கடற்கரை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டாள்.

ஆனால் அதற்கு முன், மணலைக் கூட்டித் தள்ளிய அந்த இரவே, பாசி எழுந்துபோன வெற்றுத் தாளில் பனிமயம் எழுதிவிட்டாள்: "முந்நூற்றொன்று. நிறம்: எதிலும் சேராது. பிடி: விடாது."

கஸ்பாரின் தோளில் சந்தியாகு தூங்கிப்போயிருந்தான். பனிமயம் எழுந்து போய், கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.