யானை தின்ற மாம்பழத்துக்கு யார் தலை?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தில் மனிதத் தலையின் விலை ஒரு மாம்பழமாக இருந்தது. பேரம் கிடையாது, தவணை கிடையாது. அரண்மனைத் தோட்டத்து மரத்தில் ஒரு பழம் பறித்தால் ஒரு தலை. அதே சமயம் கடைத்தெருவில் மாம்பழத்தைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்து, வாங்க ஆளில்லாமல் கூவிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷம் புறா வளர்த்தார். மறு வருஷம் புல்லாங்குழல் ஊதி, அரண்மனையில் பாதிப் பேரைச் செவிடர்களாக நடிக்க வைத்தார். அந்த வருஷம் மாமரம். கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் கொடுத்த ஒட்டுக்கன்று முதன்முதலாகக் காய்த்திருந்தது. ராஜா ஒவ்வொரு பழத்துக்கும் தம் முன்னோர் பெயரை வைத்தார். கொள்ளுப்பாட்டனார் பாதைப் பக்கத்துக் கிளையில், தாத்தா நடுவில், பெரியப்பா சித்தப்பாமார் எல்லாரும் கீழே கொத்தாக. தினமும் காலையில் போய் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் பல் துலக்குவார்.

ஒரு நாள் காலையில் சித்தப்பாவைக் காணோம். சில நாள் கழித்துப் பெரியப்பாவும் போனார். மரத்தடியில் தோல் இல்லை, கொட்டை இல்லை.

“வௌவால்தான், மகாராஜா. சந்தேகமே வேண்டாம்” என்றார் பிரதானி கனகசபேசர். ராஜாவுக்கு அடுத்தபடி நாட்டில் அவர் சொல்தான் செல்லும். உடனே ஊரிலுள்ள வௌவால்களைப் பிடித்துச் சிறையில் தலைகீழாகத் தொங்கவிடும்படி உத்தரவாயிற்று. வௌவால்களுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. இனிமேல் பழத்தைத் தொடுகிறவன் தலையைப் பட்டத்து யானையின் காலில் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது. எழுதியவர் பிரதானி. முத்திரை வைத்தவர் ராஜா.

வசந்த விழா வந்தது. ராஜா பட்டத்து யானை மேல் அம்பாரியில் ஊர்வலம் புறப்பட்டார். யானையின் பெயர் மலைக்கொழுந்து. கழுத்தில் அங்குசத்தோடு பாகன் உடையான். தோட்டத்தைத் தாண்டும்போது யானை நின்றது. துதிக்கையைத் தூக்கியது. ஓர் இலைகூட உதிராமல் கொள்ளுப்பாட்டனாரைக் காம்போடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

“ஐயோ, கொள்ளுப்பாட்டனார் போய்விட்டாரே!” என்று அம்பாரியிலிருந்து ஓர் அலறல். முன்னால் போன மேளக்காரர்கள் அரச குடும்பத்தில் யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து, கல்யாண மேளத்தைச் சாவு மேளமாக மாற்றிவிட்டார்கள்.

ஊர்வலம் அப்படியே சபைக்குத் திரும்பியது.

“என் கண்ணெதிரே நடந்த களவு! யார் குற்றவாளி?” என்று ராஜா கர்ஜித்தார்.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மகாராஜா?” என்றார் பிரதானி. “யானைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதை ஓட்டியவன் பாகன். அங்குசம் அவன் கையில். தலையும் அவனுடையதுதான்.”

சபையில் ஒரு மூலையிலிருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. கனைத்தவர் அம்பலத்தாடி, அரண்மனை விகடர். வெல்ல மண்டிக்காரர் மகன். தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவர். ராஜாவைச் சிரிக்க வைத்தே வீடும் தோட்டமும் வாங்கிவிட்டார் என்று பிரதானிக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

“தின்றது யானை, சாவது பாகனா, பிரதானியாரே? எங்கள் மண்டியில் எலி வெல்லம் தின்றால் எடை போடுகிறவனைத் தூக்கில் போடுவதில்லை.”

“ஓய் விகடரே! அவ்வளவு இரக்கம் இருந்தால், பழத்தை எடுத்த குற்றவாளியை நாளை முற்பகலில் நீரே இந்தச் சபையில் கொண்டுவந்து நிறுத்தும். முடியாவிட்டால் பாகனுக்குப் பக்கத்தில் உம்முடைய தலையும் இருக்கட்டும். என்ன சொல்கிறீர்கள், மகாராஜா?”

கொள்ளுப்பாட்டனாரை இழந்த துக்கத்தில் ராஜா, “அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் பாகன் மனைவி வெள்ளச்சி, அம்பலத்தாடி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

“ஐயா, எம்புருசன் அந்த ஆனைக்குச் சோறு வச்சுட்டுத்தான் எங்களுக்கே சோறு போடுவாரு. அது பண்ணுனதுக்கு இவரு தலையா? இது என்ன நாயம்?”

“நியாயம் இருக்கட்டும், அம்மா. நாளைக்கு என் தலையும் சேர்ந்துதான் போகப் போகிறது. வா, முதலில் அந்தத் திருடனைப் பார்த்துவிட்டு வருவோம்.”

இருவரும் யானைக் கொட்டிலுக்குப் போனார்கள். உடையான் இல்லாமல் யானை ராத்திரியில் அடங்காது என்பதால் அவனை அங்கேயே சங்கிலி போட்டுக் காவலில் வைத்திருந்தார்கள்.

“உடையா, இது எப்போதாவது மாம்பழம் தின்றிருக்கிறதா?”

“எங்க ஐயா! தழை, கரும்பு, சோத்துக் கவளம். நானே மாம்பழம் தின்னு மூணு வருசமாச்சு. ஆனைக்கு எங்க போறது?”

அம்பலத்தாடி தலையைச் சொறிந்தார். அவர் அப்பாவின் மண்டியில் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பார்க்காமல் எவனும் மூட்டையைத் தொட்டதில்லை. இந்த யானையோ பக்கத்திலிருந்த தழையைத் தொடவில்லை. நேராகப் பழுத்த பழத்துக்குப் போயிருக்கிறது. யாரோ முன்பே ருசி காட்டியிருக்கிறார்கள்.

கொட்டிலுக்குப் பின்னால் லத்தி மலைபோல் குவிந்திருந்தது. அம்பலத்தாடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் கிளறினார். வெள்ளச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயாவுக்குப் பயத்துல கலங்கிப்போச்சா?” என்று புருஷனிடம் கேட்டாள். ஆனால் குவியலின் அடியிலிருந்து மாங்கொட்டைகள் வந்தன. ஒன்றில் செம்பழுப்பாகத் துளிர்கூட விட்டிருந்தது.

“இது இன்று விழுங்கிய கொட்டை இல்லை, உடையா. நீ எப்போது கொட்டிலை விட்டுப் போவாய்?”

“மத்தியானம் கஞ்சி குடிக்கப் போவேனுங்க. அந்த நேரம் இங்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.”

“ஒருவர் இருந்திருக்கிறார்” என்றார் அம்பலத்தாடி. யார் என்று அவருக்கும் தெரியவில்லை. தெரிந்தது யானைக்கு மட்டும்தான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. அம்பலத்தாடி யானையோடும் உடையானோடும் உள்ளே வந்தார்.

“குற்றவாளி எங்கே?” என்றார் பிரதானி.

“இதோ நிற்கிறாரே! இவ்வளவு பெரிய உருவம் கண்ணில் படவில்லையா? பறித்த கை இவருடையது. தின்ற வாய் இவருடையது. செரித்த வயிறும் இவருடையது. மகாராஜாவே நேரில் கண்ட சாட்சி. சட்டப்படி தண்டனையை நிறைவேற்றிவிடலாம்.”

“என்ன தண்டனை?” என்றார் ராஜா, சந்தேகத்தோடு.

“குற்றவாளியின் தலையைப் பட்டத்து யானை மிதிக்க வேண்டும், மகாராஜா. பட்டத்து யானையும் இவரேதான். ஐயா மலைக்கொழுந்து! காலைத் தூக்கி உன் தலைமேல் வை, பார்க்கலாம்.”

உடையான் சைகை காட்டினான். யானை காலைத் தூக்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் ஆட்டியது. “இன்னும் கொஞ்சம் மேலே, அப்பா. சட்டம் சட்டம்தான்!” என்று அம்பலத்தாடி கெஞ்சினார். ராஜா மீசைக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிரதானி எழுந்தார். “சபையைக் கூத்து மேடையாக்காதீர்! விலங்குக்குக் குற்றம் கிடையாது. ஓட்டியவனே பொறுப்பு.”

“சரி. போன வருஷம் இந்தக் கால் இரண்டு வழிப்பறிக்காரர்களை மிதித்ததே, அன்றும் ஓட்டியவன் உடையான்தான். அவன்மேல் இரண்டு கொலைக் குற்றம் எழுதலாமா?”

“அது எப்படி? அன்று நடந்தது அரசாணை. பாகன் வெறும் கருவி.”

“அப்படியானால் அங்குசம் யார் கையில் என்பது கணக்கில்லை. யாருடைய எண்ணம் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு ஒரு நியாயம், இன்றைக்கு ஒரு நியாயமா? ஓட்டியவன்தான் பொறுப்பு என்றால், ஓட்டியவனுக்கும் மேலே அம்பாரியில் உட்கார்ந்திருந்தவர்...”

ராஜாவின் மீசை அசைவதை நிறுத்திவிட்டது.

“...அவரைப் பற்றி நான் பேச வரவில்லை” என்று அம்பலத்தாடி அவசரமாகச் சொல்லி, துணியில் முடிந்திருந்த மாங்கொட்டைகளைத் தரையில் கொட்டினார். “யானையின் பழைய லத்தியில் கிடந்தவை இவை. பிரபு, வௌவால் கொட்டையைத் துப்பிவிடும். நம் மரத்தடியில் கொட்டையே கிடைக்கவில்லை. பழத்தைத் தின்ற ஒருவர், தோலும் கொட்டையும் யார் கண்ணிலும் படாமலிருக்க இந்த வாயில் போட்டிருக்கிறார். அந்த ருசிதான் நேற்று துதிக்கையை நீட்ட வைத்தது. அந்த ஒருவர் யார் என்று இதையே கேட்போம்.”

“யானை பேசுமா?” என்று பிரதானி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வியர்வை கலந்திருந்தது.

“பேசாது. கேட்கும்.”

உடையானை ஒதுங்கி நிற்கச் சொல்லி, யானையை அவிழ்த்துவிட்டார்கள். அது ஆடி அசைந்து நடந்தது. சேனாதிபதியை முகர்ந்தது, தும்மியது, நகர்ந்தது. புரோகிதரின் குடுமியைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டது. பிரதானியிடம் வந்ததும் காதை விசிறிக்கொண்டு நின்றுவிட்டது. துதிக்கை அவர் அங்கவஸ்திரத்துக்குள் நுழைந்தது. இடுப்பு மடிப்பைத் துழாவியது. முதுகுப் பக்கம் போய்த் தேடியது. கடைசியில் வாயை அகலத் திறந்துகொண்டு காத்து நின்றது.

பிரதானி நெளிந்தார், குனிந்தார், துதிக்கையைத் தள்ளினார். பொறுமை போய், “சனியனே, இன்றைக்கு ஒன்றும் இல்லை, போ!” என்று கத்திவிட்டார்.

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார்.

“இன்றைக்கு இல்லையா, பிரதானி? அப்படியானால் என்றைக்கு இருந்தது?”

பிரதானி வாயைத் திறந்தார். யானையும் திறந்துதான் வைத்திருந்தது. பிறகு பிரதானி பொத்தென்று ராஜாவின் காலில் விழுந்து, வாசனை இழுத்துவிட்டது என்றும், முதலில் சித்தப்பா மட்டும்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

“இந்தத் தலையை இப்போதே மிதிக்கச் சொல்லுங்கள்!” என்றார் ராஜா.

“வேண்டாம், மகாராஜா” என்றார் அம்பலத்தாடி. “தீனி போட்ட கையை யானை மிதிக்காது. அப்படியே மிதித்தாலும் ஒரு பழத்துக்கு ஒரு தலை என்றால் கொள்முதலே கட்டாது. எங்கள் மண்டியில் கூட்டு வியாபாரம் நொடித்தால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துவிட்டுத்தான் சட்டையைப் பிடிப்போம். இந்தக் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கலாமா?”

“பிரித்துச் சொல், பார்க்கலாம்” என்றார் ராஜா.

“வௌவால்கள் தின்னவே இல்லை. அவற்றுக்குப் பங்கு இல்லை. யானை தின்றது, ஆனால் அது குற்றம் என்று அதற்குத் தெரியாது. பங்கு இல்லை. உடையானுக்குத் தெரியவும் தெரியாது, தடுக்கவும் முடியாது. பங்கு இல்லை. பிரதானியார் பழம் திருடினார். நாக்குச் சபலம், அதற்கு எட்டில் ஒரு பங்கு, அரைக்கால் போடுகிறேன்.”

“அரைக்கால்தானா?” என்று புரோகிதர் கேட்டார்.

“பொறும். தாம் செய்தது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, நேற்று இதே இடத்தில் நின்று இன்னொருவன் தலையைக் கேட்டார். மாம்பழம் மறுவருஷம் காய்க்கும். வெள்ளச்சிக்குப் புருஷன் காய்ப்பானா? அதற்கு முக்கால்.”

வெள்ளச்சி கூட்டத்திலிருந்து, “அப்படிச் சொல்லுங்க ஐயா!” என்றாள்.

வௌவால்களைத் திறந்துவிட்டார்கள். உடையானின் சங்கிலி கழன்றது. பிரதானி முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாம்பழக் காலம் வரை உடையானுக்குக் கீழே கொட்டிலில் லத்தி அள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மலைக்கொழுந்துக்கு அதில் பரம சந்தோஷம். போகும் வழியெல்லாம் அவர் மடியைத் துழாவிக்கொண்டே போனது.

ராஜா விரலை மடக்கி எண்ணினார். “முக்கால், அரைக்கால். கணக்கு முழுசாகவில்லையே, அம்பலத்தாடி. இன்னும் ஓர் அரைக்கால் எங்கே?”

“ஒரு பழத்துக்கு ஒரு தலை என்று எழுதி நீட்டியதும் வாசிக்காமல் முத்திரை வைத்தவர் பேரில், பிரபு.”

ராஜா அம்பலத்தாடியை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே அந்தச் சட்ட ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார்.

“போதுமா? என் அரைக்கால் தீர்ந்ததா?”

அம்பலத்தாடி ஒவ்வொரு முத்தாகப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மாலை என் தரகு, மகாராஜா. தரகு வேறு, கடன் வேறு. ஒரு ராத்திரி முழுக்கத் தலை இருக்குமா இருக்காதா என்று உட்கார்ந்திருந்தவன் உடையான். தீர்ந்ததா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.”

ராஜா உடையான் பக்கம் திரும்பினார். உடையான் தலை குனிந்து, கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

“சரி, எழுதிக்கொள்” என்றார் ராஜா, மெதுவாக.

அம்பலத்தாடி எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: பிரதானி பேரில் முக்காலும் அரைக்காலும், வசூல் நடக்கிறது. யானை, பாகன், வௌவால் பேரில் ஒன்றுமில்லை. மகாராஜா பேரில் அரைக்கால், நிலுவை.