செம்பன் உட்கார்ந்த கோரை

அல்லிக்குளத்தில் செம்பன் என்றொரு சிவப்புத் தும்பி இருந்தது. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோரைத்தண்டுதான் அதன் சிம்மாசனம். பூச்சி பிடிக்கப் பறக்கும். பிடித்த கையோடு திரும்பி அதே நுனியில் வந்து உட்காரும். வேறு தும்பி அங்கே உட்கார்ந்தால் விரட்டு விரட்டென்று விரட்டிவிடும்!

ஒரு நாள் காலை பர்வீன் டீச்சர் கேமராவோடு வந்து கரையில் குப்புறப் படுத்தார். தும்பிகளைப் படம் பிடித்து, எது என்ன வகை என்று நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

"அசையாம இருடா ராஜா! பக்கவாட்டுல ஒண்ணு எடுத்தாதான் உன் பேரைக் கண்டுபிடிக்க முடியும்!" என்று கெஞ்சினார்.

செம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் குளத்தில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மரியாதை! பூச்சி பிடிப்பதைக்கூட மறந்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, ஒரே இடத்துல இவ்வளவு நேரம் உட்காராதீங்க. ஆபத்து!" என்றது பக்கத்து இலையிலிருந்த ஊசித்தும்பி.

"போடி பொறாமைக்காரி! எனக்கு ஆயிரமாயிரம் கண் இருக்கு. எனக்குத் தெரியாம ஒரு ஆபத்தா?" என்றது செம்பன்.

பத்துப் படம் எடுத்த பிறகு டீச்சர் கேமராத் திரையைப் பார்த்தார். தன் அழகைத் தானும் பார்த்துவிட வேண்டுமே! செம்பன் பறந்து போய் அவருடைய தொப்பி விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது.

முதல் படத்தில் செம்பன் தகதகவென்று மின்னியது. தூரத்தில் ஒரு அல்லி இலை. அதன்மேல் பச்சையாக ஏதோ ஒரு திட்டு. 'பாசியாக இருக்கும்' என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த படத்தில் அந்தப் பாசிக்கு இரண்டு கண் இருந்தது!

அதற்கடுத்த படத்தில் அந்தக் கண்கள் கோரைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தன. கடைசிப் படத்தில்... ஐயோ! செம்பனின் வாலுக்கு நேர் கீழே, வாயைப் பிளந்தபடி ஒரு தவளை!

செம்பன் சட்டென்று கோரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு பக்கத்திலா? இவ்வளவு நேரமாகவா?

டீச்சர் தவளையைக் கவனிக்கவே இல்லை. "அடடா, வால் நுனி மட்டும் தெளிவா விழலையே! அது இல்லாம பேர் சொல்ல முடியாதே. இன்னும் ஒரே ஒரு தடவை உட்காருடா ராஜா!" என்றார்.

"வாங்க ராஜா, வாங்க! உங்க இடம் காலியாத்தான் இருக்கு!" என்று கோரையடியிலிருந்து பணிவாக ஒரு குரல் வந்தது.

"பேரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு செம்பன் அக்கரைக்குப் பறந்தே போய்விட்டது. டீச்சர் பெருமூச்சு விட்டு, நோட்டில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினார்.

பாராட்டுக்கு மயங்கி அசையாமல் நிற்பவன், தன்னை விழுங்க வருபவனுக்கும் வசதியாகவே நிற்கிறான்.