வாய் திறக்காத தகப்பன் மீன்

அந்தக் காலத்தில், மீன்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, செம்பனேரி என்ற ஏரி மூன்று வருடம் மழையில்லாமல் வற்றிப்போனது. கடைசிச் சேற்றில் துடித்துக்கொண்டிருந்த இரண்டு சண்டைமீன்களை அந்த ஊர் மருத்துவச்சி வடிவாம்பாள் பானையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒன்று ஆண், ஒன்று பெண். அந்த இனத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மழை வந்து ஏரி நிறைந்தால் அதில் விடுவதற்குக் குஞ்சுகள் வேண்டும். வடிவாம்பாளுக்கு அதே நினைப்பு. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்து பிறந்தவர்கள். மீனுக்குப் பிரசவம் பார்ப்பது ஒரு பெரிய காரியமா? வாயகன்ற மண்தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு வாதாம் இலையை மிதக்கவிட்டு, இரண்டையும் அதில் விட்டாள்.

ஆண்மீன் இலைக்கு அடியில் குமிழி குமிழியாக ஊதி நுரை சேர்க்க ஆரம்பித்தது.

"என்னடா, வேலைவெட்டி இல்லாம எச்சில் துப்பி விளையாடுற?"

"வீடு கட்டுறேன், மருத்துவச்சியம்மா."

"கட்டு கட்டு. மூணு மாடியா கட்டு!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் காலையில் பெண்மீன் முட்டையிட்டது. கடுகைவிடச் சின்னதாக, வெள்ளை வெள்ளையாக முட்டைகள் கீழே இறங்கின. ஆண்மீன் பாய்ந்துபோய் அவற்றில் கொஞ்சத்தை வாயில் அள்ளியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வடிவாம்பாள் கத்தினாள்.

"அடப்பாவி! பெத்த பிள்ளையையே முழுங்குறியா?"

கொட்டாங்கச்சியால் அதை ஒரே அள்ளாக அள்ளிப் பக்கத்துப் பானையில் போட்டாள். பிரசவம் நடக்கிற இடத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று எத்தனையோ புருஷன்மார்களை வாசலுக்கு விரட்டியவள் அவள். இவன் மட்டும் என்ன ஒசத்தி?

"முழுங்கினியா இல்லையா? சொல்லுடா!"

ஆண்மீன் கண்ணை உருட்டியது. துடுப்பை விரித்தது. பானையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.

"தப்பு பண்ணினவனுக்கு எப்படிப் பேச்சு வரும்?" என்று சொல்லிவிட்டு, அதற்குக் கொஞ்சம் கொசுப்புழு போட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போனாள். பிள்ளை பெற்றவளுக்கு இரை போட மறந்துவிட்டாள்.

மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியில் ஒரு முட்டையைக்கூடக் காணோம். நுரையும் பாதி கலைந்து கிடந்தது. பெண்மீன் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"முட்டையெல்லாம் எங்கடி?"

"நான்தான் தின்னுட்டேன்" என்று பெண்மீன் அழுதது. "பெத்த பசி கண்ணை மறைச்சிடுச்சு, மருத்துவச்சியம்மா. அந்த நேரத்துல எங்களுக்கு முட்டை எது, இரை எதுன்னு தெரியாது. அதனாலதான் அவரு வாயில அள்ளி நுரையில ஒளிச்சு வைப்பாரு. நீங்க அவரைத் தூக்கிட்டீங்க."

வடிவாம்பாள் ஓடிப்போய்ப் பானையைப் பார்த்தாள். போட்ட கொசுப்புழு போட்டபடியே நெளிந்துகொண்டிருந்தது. ஆண்மீன் காலையில் மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.

அதைத் தொட்டியில் விடக் கொட்டாங்கச்சியை எடுத்தாள். அப்போது பெண்மீன் தடுத்தது.

"முதல்ல என்னை வெளியே எடுங்க."

"பெத்தவளைப் பிரிக்க எனக்கு மனசு வரலையேடி."

"எனக்கும்தான் வரலை. நான் இங்க இருந்தா அவரு வாயில இருக்கிற முட்டையும் மிஞ்சாது. எடுங்க."

மருத்துவச்சி கலங்கிய கண்ணோடு தாயை எடுத்து வேறு பானையில் விட்டாள். தகப்பனைத் தொட்டியில் விட்டாள். அது நேராக இலைக்கு அடியில் போய், மிச்சமிருந்த நுரையில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டியது. மொத்தம் இருபத்து மூன்று. ஒட்டி முடித்த பிறகுதான் தலையை மேலே நீட்டியது.

"காலையில ஏதோ கேட்டீங்களே, மருத்துவச்சியம்மா. நான் முழுங்கலை."

"ஒசத்திதான்டா நீ!" என்றாள் வடிவாம்பாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று தாய்க்குக் கை நிறையக் கொசுப்புழு கிடைத்தது. மூன்றாம் நாள், நுரையிலிருந்து இருபத்து மூன்று சின்ன வால்கள் தொங்கின. ஐப்பசியில் ஏரியும் நிறைந்தது.

அன்று முதல்தான், வீட்டில் சண்டைமீன் வளர்ப்பவர்கள் முட்டையிட்டு முடிந்ததும் தாயை வேறு தொட்டிக்கு மாற்றி வயிறார இரை போடுகிறார்கள். தகப்பனை முட்டைகளோடு விடுகிறார்கள். அவன் முட்டையை வாயில் அள்ளும்போது யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை.