மலைக்குக் கொடுத்த கறுப்பு

மலையடிவாரத்து மடத்தில் இருந்தவரை ஊரார் நரைச்சாமி என்றார்கள். அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். இருபத்து நான்கில் நரைக்கத் தொடங்கி, முப்பதுக்குள் தலை முழுவதும் வெளுத்துவிட்டது. தாடி வைப்பதில்லை. பிடரி வரை விழும் வெள்ளை முடியைப் பார்த்து எழுபது வயதுக்காரர்கள்கூட அவர் காலில் விழுந்தார்கள். அவரும் தன் வயதைச் சொல்லிப் பார்த்தார். அடக்கமாகப் பேசுகிறார் என்று மறுபடியும் விழுந்தார்கள்.

மரகதம் பதினோரு வருடமாக அவருடைய சீடர். வெள்ளிக்கிழமைதோறும் மடத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது அவள் வேலை. அவரைவிட மூத்தவள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். அவள் தலை எப்போதும் கறுகறுவென்று இருக்கும்.

மாசி மாதத்து நான்காவது வெள்ளியன்றும் அவள் அதே கேள்வியோடு வந்தாள்.

"ஏனுங்க சாமி, பூமுடி கொடுத்தா முருகன் ஒத்துக்க மாட்டாருங்களா?"

பூமுடி என்றால் ஒரு கொத்து மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. பெண்களில் பலர் அப்படித்தான் கொடுப்பார்கள். ஆனால் மரகதம் வேண்டிக்கொண்டது அது அல்ல. கணவர் குமாரசாமியை நெஞ்சு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, மூடிய கதவுக்கு முன்னால் நின்று, முழு முடியும் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்து எழுந்து, இப்போது காலையில் நடக்கப் போகிறார். பங்குனி உத்திரத்துக்குள் அவள் மலையேறி முடி கொடுத்தாக வேண்டும்.

"போன வாரம் என்ன கேட்டீங்க?" என்றார் சாமி.

"பாதி முடி கொடுத்தாப் போதுங்களான்னு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எனக்குப் பதிலா அவரு மொட்டை போட்டுக்கிட்டா ஆகுமான்னு."

"அவர் தலையில எவ்வளவு இருக்கு?"

"காதோரம் கொஞ்சம் இருக்குதுங்க."

சாமி முறத்திலிருந்த கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால் கீரை ஆய்வது அவர் வழக்கம். அவள் விடவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே சாமி."

"நீங்களும் முருகனும் பேரம் பேசறீங்க. நடுவில நான் எதுக்கு?"

"பேரம் இல்லீங்க. முடி போறதில எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திரும்ப முளைக்குமே, அதுதான் பயம்."

"முளைக்கிறதுக்கு என்ன பயம்?"

"வைகாசியில நாத்தனார் மக கல்யாணம். எங்க வீட்டுக்காரர் தாய்மாமன். சீர்த் தட்டோட நான் மேடையில அவர் பக்கத்தில நிக்கணும். அதுக்குள்ள ஒரு விரக்கடை முளைச்சிருக்கும். அத்தனையும் வெள்ளை. அத்துனூண்டு முடிக்கு டை அடிச்சா மண்டைத்தோலுதான் கறுக்கும். சவுரி வைக்கலாம்னாலும் அதைக் கட்டறதுக்கு முடி வேணுமில்லீங்களா?"

"வெள்ளையாவே நின்னா என்ன?"

மரகதம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் அவரைவிட நாலு வயசு மூத்தவ சாமி."

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப மாமியாருக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வயசைக் குறைச்சுச் சொல்லிக்கலாம்னு அவங்கதான் சொன்னாங்க. அவங்களுக்கும் இவருக்கும் தவிர அந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. முப்பது வயசிலயே எனக்கு நரைச்சிருச்சு. அன்னிக்குப் பிடிச்ச பிரஷ்ஷுங்க. இருபத்தாறு வருசம் ஆச்சு. நாத்தனாரை வாய் நிறைய அக்கான்னு கூப்பிட்டுட்டு இருக்கேன். அவ எனக்கு ரெண்டு வயசு சின்னவ."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. இத்தனை வருசம் எங்கிட்ட 'மரகதம், நீ மட்டும் அப்படியே இருக்கியே'ன்னு கேட்டவ அவ. வெள்ளைத் தலையைப் பார்த்தா அங்கேயே கணக்குப் போடுவா. 'எங்க தம்பிக்கு ஒரு அக்காவைக் கட்டி வெச்சு ஏமாத்திட்டாங்க'ன்னு பந்தியில சொல்லுவா. அவ சொன்னா மைக் வேண்டாம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"உன் தலை, உன் இஷ்டம்னு பேப்பரை விரிச்சுக்கிட்டார். அவருக்கென்ன. வழுக்கை விழுந்துச்சு, பெரிய மனுசன் ஆயிட்டார். எனக்கு நரைச்சதுக்கு டப்பாதான் கிடைச்சுது."

"டப்பாவாவது ஒழுங்கா வேலை செய்யுதா?"

யாராவது அதைக் கேட்பதற்காகவே மரகதம் காத்திருந்தாள்.

"இருபது நாளைக்கு ஒருக்கா அடிக்கணும். காதில ஒட்டும், கழுத்தில ஒட்டும், துண்டில, தலகாணியில, பாத்ரூம் சுவத்தில ஒட்டும். தேய்ச்சாலும் போகாது. முடியில மட்டும் நிக்காது. இப்ப நெத்தியெல்லாம் தடிச்சு அரிக்குது. டாக்டர் விட்டுடச் சொன்னார்."

"விட்டீங்களா?"

"டாக்டரை விட்டுட்டேனுங்க."

சாமி கொஞ்ச நேரம் அவள் நெற்றியைப் பார்த்தார். வகிட்டின் ஓரத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"அடுத்தது எப்ப அடிக்கணும்?"

"நாளைக்கு. டப்பா வாங்கிப் பையில வெச்சிருக்கேன்."

"எடுத்துக்கிட்டு வாங்க."

கிணற்றில் எறியப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கிணற்றடியில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். தோளில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டார்.

"அடிச்சு விடுங்க."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"சாமி, இது விளையாட்டு இல்லீங்க. அரிக்கும்."

"அரிக்கட்டும்."

"ஊரில என்ன சொல்லுவாங்க?"

"அதைத்தான் நானும் பார்க்கணும்."

அவள் நெடுநேரம் மறுத்தாள். பிறகு ஒரு கொட்டாங்கச்சியில் குழைத்தாள். பிரஷ் கைக்கு வந்ததும் அவளுடைய தயக்கம் போய்விட்டது. ஆடாதீங்க என்றாள். குனிங்க என்றாள். காதை மடக்கிப் பிடிங்க, பேசாதீங்க, கண்ணில இறங்கும் என்றாள். பதினோரு வருடத்தில் அவள் அவரை அதட்டியது அன்றுதான்.

தலையில் பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட்டு அரைமணி நேரம் இருக்கச் சொன்னாள். சாயக் கூடாது, திரும்பக் கூடாது. சாமிக்கு மூக்கு நுனியில் அரித்தது. கையெல்லாம் கறுப்பு.

"இருபத்தாறு வருசமும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தீங்களா?"

"டிவி பார்ப்பேனுங்க."

தலையை அலசித் துவட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படி இருக்கேன்?"

"சொசைட்டியில பால் அளக்கிற தம்பி மாதிரி இருக்கீங்க."

அடுத்த வெள்ளி வரை நீங்கள் அடிக்காமல் இருங்கள் என்று மட்டும் சாமி கேட்டுக்கொண்டார். டப்பாவும் தீர்ந்திருந்தது. அவள் ஒரு வாரம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் ஆறுச்சாமி. தறிப்பட்டறை வைத்திருப்பவர். வாராவாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நரைச்சாமியின் காலில் விழுந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்றும் பழத்தோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, பெரியவர் இல்லையா?"

"நான்தாங்க."

"தமாசு பண்ணாதே. அவரைப் பார்த்து ஒரு விசயம் கேட்கணும்."

"என்னைத்தான் கேட்கணும். கேளுங்க. உங்க வீட்டம்மாவுக்கும் மருமகளுக்கும் இன்னும் சரியாகலையா?"

ஆறுச்சாமி உற்றுப் பார்த்தார். குரல் தெரிந்தது. முகம் தெரிந்தது. தலையில்தான் கண் நின்றது.

"சாமிங்களா? என்னங்க இது, இந்த வயசில?"

"நாற்பத்திரண்டு."

"நாற்பத்திரண்டா? என் மூத்த மகனுக்கு நாற்பத்தஞ்சு." பழச்சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆறுச்சாமி அதை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாள் நான்... சரி போகட்டும். கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா."

சாமி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மரகதம் அதைக் கதவோரம் நின்று பார்த்தாள். சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தவளுக்கு முந்தானை நழுவியது. வகிட்டில் வெள்ளை தெரிந்தது. ஆறுச்சாமி தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பெரியம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க வீட்டில ரெண்டு பொம்பளைகளும் ஒரே அடுப்படியில நின்னு அடிச்சுக்கிறாங்க. என்ன பண்றது?"

"தனி அடுப்பு வெச்சுக் கொடுங்க," என்றாள் அவள் கோபமாக. "நீங்க ஒரு நாள் அங்க, ஒரு நாள் இங்கன்னு சாப்பிடுங்க. ரெண்டையும் குறை சொல்லாதீங்க."

"பெரியவங்க பெரியவங்கதான்," என்று ஆறுச்சாமி வாழைப்பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மரகதம் தொடங்கிவிட்டாள்.

"அறுபத்தெட்டு வயசு ஆளு என்னைப் பெரியம்மாங்கறார். அது போகட்டும். உங்களைத் தண்ணி கொண்டாங்கறாரே! நானும் பார்த்துட்டுத்தானே இருந்தேன். அதே குரலு. அதே பேச்சு. போன வாரம் வரைக்கும் விழுந்து கும்பிட்ட கால் இதுதானே? மசுரைப் பார்த்தா ஒரு மனுசனை..."

முந்தானையை இழுத்துவிடப் போன அவள் கை வகிட்டிலேயே நின்றது.

சாமி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று கீரை இல்லை. வெறும் முறம்தான் இருந்தது.

பிறகு தன் தலையைத் தொட்டுக் கேட்டார்.

"இது எப்ப போகும்?"

"போகாதுங்க. அடியில வெள்ளை முளைக்கும். கறுப்பு நுனிக்கு இறங்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்புன்னு மாசக்கணக்கா நிக்கும். பார்க்கறவங்க சிரிப்பாங்க."

"வேற வழி?"

"மேல மேல அடிச்சுட்டே இருக்கணும்."

சாமி பின்மண்டையைச் சொறிந்தார். "அதுவும் வேண்டாம்னா?"

"மொட்டைதாங்க."

அவர் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"தனியாப் போக ஒரு மாதிரி இருக்குக்கா. துணைக்கு வாங்க."

மறுநாள் காலையில் மூன்று பேர் மலையேறினார்கள். குமாரசாமி பாதிப் படியிலேயே இரண்டு முறை உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் மரகதம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் எத்தனை படி என்று மேலே பார்த்தாள்.

முடி எடுக்கும் கொட்டகையில் கூட்டம் இருந்தது. சாமி ஒரு பலகையில் உட்கார்ந்தார். பக்கத்துப் பலகையில் மரகதம். அவளுக்கு முடி எடுக்க ஒரு பெண் வந்தாள். தண்ணீரைத் தலையில் தெளித்துத் தேய்த்தபடியே பேச்சுக் கொடுத்தாள்.

"நல்ல அடர்த்தியா இருக்குதே. வயசு என்ன இருக்கும்மா?"

மரகதம் வாயைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அது நுனி நாக்கு வரை வந்தது. அவள் பக்கத்தில் திரும்பி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற குமாரசாமியைப் பார்த்தாள்.

"அம்பத்தாறு," என்றாள். குரல் வேண்டியதைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "இவருக்கு அம்பத்திரண்டு."

கொட்டகையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் குனிங்க," என்றாள் அந்தப் பெண்.

குமாரசாமி சந்தனத்தில் தண்ணீர் விட்டுக் குழைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே குழைந்துதான் இருந்தது.

முடி அவள் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. தலை லேசாகிக்கொண்டே வந்தது, காற்று பட்டது, அரிப்பு நின்றது. மரகதம் ஒரு சுருளை எடுத்து விரலில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு இழையின் அடியிலும் அரை நகக்கண் அளவு வெள்ளை. அதற்குமேல் முழுவதும் டை. அவள் முகம் மாறியது.

"சாமி."

"சொல்லுங்கக்கா." அவர் தலையில் பாதி மழித்தாகியிருந்தது.

"முழு முடி தர்றேன்னு வேண்டிக்கிட்டேன். இதில என் நிறம் இத்துனூண்டுதான் இருக்குது. மீதியெல்லாம் டப்பாவில வந்தது. முருகனுக்குப் போய் டையைக் கொடுத்துட்டேனே."

கத்தி ஓடிக்கொண்டிருந்ததால் சாமியால் திரும்ப முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பின்னே, இத்தனை வாரமா எதைக் கொடுக்க மாட்டேன்னு அழுதீங்கக்கா, முடியையா, கறுப்பையா?"